எழுத்துக்குள் படம் ஒளிக்கும் லோகோ: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எழுத்தையே படமாக்கும் லோகோ மீது புதிதாக வருபவர்களுக்குத் தனி மோகம். அவர்கள் காட்டும் வரைவுகளைப் பார்த்தால் என் பழைய கோப்புகளைத் திறந்த மாதிரியே இருக்கிறது. மங்கல் நிறம், கோணல் வரிசை எல்லாம் தானாகவே கண்ணில் படும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒளித்ததற்கு நிறம் பூசுவது

இன்னமும் எரிச்சல் மூட்டுவது இதுதான். ஃபெடெக்ஸ் கூரியர் நிறுவனத்தின் லோகோவில் 'இ'க்கும் 'எக்ஸ்'க்கும் நடுவே அம்பு இருப்பது பலருக்கும் தெரியும். 1994இல் அதை வடிவமைத்த லிண்டன் லீடர் அம்பைத் தனியாக வரையவில்லை. யுனிவர்ஸ், ஃப்யூச்சுரா எழுத்துருக்களின் குணங்களைக் கலந்து, சின்ன எழுத்துகளின் உயரத்தைக் கூட்டி, இடைவெளியை நெருக்கினார். மிஞ்சிய வெள்ளை இடம்தான் அம்பு. அதை எடுப்பாகக் காட்டலாமே என்று சிலர் சொன்னபோது அவர் மசியவில்லை. அம்பு கண்ணில் படாதவருக்கும் பெயரைப் படிப்பதில் ஒரு குறையும் இல்லை. பட்டவரோ அடுத்தவரிடம் சொல்லாமல் இருப்பதில்லை.

ஓர் இளைஞர் இரண்டு எழுத்துகளுக்கு இடையில் சாவி ஒன்றை அருமையாக ஒளித்திருந்தார். "யாருக்கும் தெரியலையே" என்றார் வாடிக்கையாளர். சரி என்று சாவிக்கு ஆரஞ்சு பூசினார். அப்புறம் அது இன்னும் பெரிதாகத் தெரியவேண்டும் என்று பக்கத்து எழுத்துகளைச் செதுக்கினார். பெயர்ப்பலகை, விசிட்டிங் கார்டு எல்லாம் தயாரான பிறகு ரப்பர் ஸ்டாம்ப் செய்யக் கொடுத்தார்கள். ஒரே மையில் சாவியும் எழுத்தும் ஒட்டி வெறும் கறுப்புக் கட்டியாக வந்தது. லோகோவைத் திரும்ப வரைந்து, அத்தனையையும் மறுபடி அச்சடித்தார்கள். செலவு யார் தலையில் என்பதில் சண்டை வேறு.

நிறம் பூசச் சொல்கிறார்களா? முதலில் கறுப்பு வெள்ளையில், சட்டைப் பொத்தான் அளவுக்கு அச்சிட்டு அவர்கள் கையில் கொடுங்கள். பேச்சு பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

புள்ளியில் கை வைப்பது

தமிழ்ப் பெயர் என்றால் மெய்யெழுத்தின் புள்ளியை இலையாகவோ நீர்த்துளியாகவோ மாற்றக் கை பரபரக்கும். அது வேறு நிறத்தில் கொஞ்சம் விலகி நின்றால், கண் அதைப் புள்ளியாகவே சேர்த்துக்கொள்ளாது. 'பல்' என்று எழுதியது 'பல' ஆகிவிடும்.

சம்பந்தமில்லாத படம்

அமேசானின் வளைகோடு 'ஏ'யில் தொடங்கி 'இசட்'டில் முடிகிறது, எல்லாம் கிடைக்கும் என்று சொல்ல. உங்கள் லோகோவில் சும்மா ஒளித்துவைத்த பறவை எதைச் சொல்ல?

ஒரே பெயரில் இரண்டு வித்தை

வேண்டாம்.

உரிமம்

எழுத்தை வெட்டி ஒட்டும் முன்பே படியுங்கள். வடிவத்தை மாற்றிக்கொள்ள எல்லா எழுத்துருக்களும் அனுமதி தருவதில்லை.