அரக்குக் காபியை 1 கிலோ டிரம்மில் வறுப்பது எப்படி

ஆந்திராவின் அரக்குப் பள்ளத்தாக்கில் ஆதிவாசிக் குடும்பங்கள் சில்வர் ஓக் மர நிழலில், மிளகுக் கொடிகளுக்கு நடுவே அரபிகா வகைக் காபி வளர்க்கிறார்கள். 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தோட்டங்கள் சிறியவை என்பதால் ஒரே மூட்டையில் பல வீட்டுச் சரக்கு கலந்திருக்கலாம். பறித்த நாள் வேறு, காய்ந்த அளவும் வேறு. இதைக் கவனிக்காமல் வறுத்துவிட்டு மெஷினைக் குறை சொல்லிப் பயனில்லை.

மூட்டையின் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் அள்ளிக் கலந்து 350 கிராம் பச்சைக் கொட்டை (வறுக்காதது) எடுங்கள். வெள்ளைத் துணியில் கொட்டி, கறுத்தது, புளித்துச் சிவந்தது, பூச்சி துளைத்தது, உடைந்தது என்று பிரித்து வையுங்கள். முழுதும் கறுத்த கொட்டை ஒன்றே ஒன்று இருந்தாலும் அது ஸ்பெஷாலிட்டி எனப்படும் உயர்தரம் இல்லை. ஈரப்பதம் 10 முதல் 12 சதவீதம் வரை இருக்கட்டும். அதற்கு மேல் போனால் பூஞ்சை பிடிக்கும்.

1 கிலோ கொள்ளும் வறுக்கும் டிரம்முக்கு 800 கிராம் போதும், நிரப்பாதீர்கள். டிரம் 190 டிகிரி செல்சியஸுக்குச் சூடானதும் கொட்டுங்கள். நாலைந்து நிமிடத்தில் பச்சை போய் மஞ்சளாகும். எட்டு நிமிடத்தை ஒட்டி முதல் வெடிப்பு, அதாவது கொட்டைகள் படபடவென்று வெடிக்கும் சத்தம் கேட்கும். அதற்குச் சற்று முன்பே தீயைக் குறையுங்கள், அணைத்துவிடாதீர்கள். சூடு ஏறாமல் அப்படியே நின்றால் காபி வெந்துபோய்ச் சப்பென்றிருக்கும். வெடிப்பு தொடங்கி ஒன்றரை நிமிடத்தில் இறக்கி, நான்கு நிமிடத்துக்குள் ஆற்றிவிடுங்கள். சென்சார் இருக்கும் இடத்தைப் பொறுத்து மெஷினுக்கு மெஷின் டிகிரி மாறும். அதனால் காதையும் மூக்கையும்தான் அதிகம் நம்ப வேண்டும். ஆறியதும் எடை போடுங்கள். 13 முதல் 15 சதவீதம் குறைந்திருந்தால் சரி.

இனி தட்டில் பரப்புங்கள். எல்லாம் பழுப்பாக இருக்க, சில மட்டும் வெளிறிக் கிடக்கும். பெரும்பாலும் காயாகப் பறித்த பழத்தின் கொட்டைகள் அவை. சர்க்கரை போதாததால் எவ்வளவு வறுத்தாலும் நிறம் ஏறாது. வாயில் போட்டால் காகிதத்தையும் வேர்க்கடலைத் தோலையும் மெல்வதுபோல இருக்கும். பச்சையில் இவை கண்ணுக்குத் தப்பிவிடும், வறுத்த பிறகே கையால் பொறுக்க முடியும். 100 கிராமில் எத்தனை என்று எண்ணிக் குறித்து, அடுத்த அறுவடைக்கு முன் கொள்முதல் செய்யும் கூட்டுறவுக்குச் சொல்லுங்கள். பழுத்ததை மட்டும் பறிக்க ஒரே செடிக்குப் பலமுறை போக வேண்டும். அந்தக் கூலியை விலையில் சேர்க்காமல் பழுத்த பழமாகவே வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை.

உள்ளிருக்கும் வாயுவை வெளியே விடும் வால்வு வைத்த பையில் ஒரு வாரம் விட்டுக் குடித்துப் பாருங்கள்.