கடைக்கு ஆள் எடுக்கும்போது காசுப் பேச்சை முதலில் முடித்துவிடுங்கள்

சென்னை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் துணிக்கடை வைத்திருப்பவர்கள் தீபாவளி நெருங்கும்போது 'ஆள் தேவை' அட்டை மாட்டுவது வழக்கம். அப்போது தேடினால் யார் வருகிறார்களோ அவர்களைத்தான் எடுக்க முடியும். ஆனி மாதமே தேடுங்கள், ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் நின்று பழகினால் ஆளும் தேறிவிடுவார், அவர் எப்படி என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அட்டையைவிட, ஏற்கெனவே வேலை பார்க்கிற அக்காவிடம் "உங்க தெருவுல யாராவது இருக்காங்களாக்கா?" என்று கேட்பது மேல். ஆனால் ஒரே வீட்டில் மூன்று பேரை எடுத்துவிடாதீர்கள். ஒரு காதுகுத்து வந்தால் கடையில் நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள்.

பேசும்போது படிப்பைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது, எங்கிருந்து எப்படி வருவார் என்பது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டைத் தாண்டி வருபவர் சில நாள் தாமதமாகத்தான் வருவார், மழை பெய்தால் வியாசர்பாடிக்காரருக்கு கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கிவிடும், இதெல்லாம் தெரிந்தே எடுத்துவிட்டு அப்புறம் தினமும் கத்துவதில் அர்த்தமில்லை. திருவொற்றியூர் போக வேண்டிய பெண்ணை இரவு கடை சாத்தும் வரை நிறுத்தலாமா என்பதையும் அன்றே பேசிவிடுங்கள். ஆதாரில் வயதைப் பாருங்கள். "லீவுக்கு மட்டும் பையன் நிக்கட்டும்" என்று அம்மாவே வந்து கேட்டாலும், 14 வயது ஆகாத பிள்ளையைக் கடை வேலைக்கு வைப்பது குற்றம்.

சரி, சம்பளம். சண்டை பெரும்பாலும் தொகையில் வருவதில்லை, சொல்லாமல் விட்டதில்தான் வருகிறது. எந்தத் தேதியில் கொடுப்பீர்கள், வார லீவு எந்தக் கிழமை, லீவு எடுத்தால் எவ்வளவு பிடிப்பீர்கள், சீசனில் கூடுதல் நேரம் நின்றால் என்ன தருவீர்கள், தீபாவளி போனஸ் உண்டா, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பள்ளிக்கூடம் திறக்கும்போது அட்வான்ஸ் கேட்பார்கள், கேட்காமல் இருக்கவே மாட்டார்கள். கொடுங்கள், ஆனால் மாதம் எவ்வளவு கழிப்பது என்று அப்போதே பேசி, ஆளுக்கொரு நோட்டில் எழுதிவிடுங்கள். மொத்தத்தையும் ஒரே மாதத்தில் பிடித்தால் அடுத்த மாதம் அவர் வேறு கடையில் இருப்பார்.

ஆள் எண்ணிக்கை 10 ஆனால் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) வந்துவிடும். 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு உங்கள் பங்கு 3.25 சதவீதம், அவர் பங்கு 0.75. ஒன்பதோடு நிறுத்திக் கணக்கு காட்டலாம் என்று சொல்கிற ஆடிட்டர்களும் இருக்கிறார்கள், நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

உட்கார நாற்காலி போடுங்கள். 2021-இல் தமிழ்நாட்டில் இதற்குச் சட்டத் திருத்தமே வந்தது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்று நினைக்கிற முதலாளி ஒரு நாள் முழுக்க நின்று பார்க்கட்டும்.

கல்லாவில் பணம் குறைந்தால் எல்லார் எதிரிலும் கேட்காதீர்கள், சம்பளத்திலும் உடனே பிடிக்காதீர்கள். முதலில் பில்லையும் ஜிபே வரவையும் ஒப்பிட்டுப் பாருங்கள், சில்லறை மாற்றியதை எழுதாமல் விட்டிருப்பார்கள். யாராவது வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்றால், அட்வான்ஸ் பாக்கி போக மீதியை அன்றே எண்ணிக் கொடுத்து நோட்டில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.