777 போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

லினக்ஸ் சர்வரில் "பெர்மிஷன் டினைட்" என்று வந்ததும் பலருக்குக் கை தானாகப் போவது, ஃபைல் அனுமதியை மாற்றும் கட்டளையான சிஎச்மாட் 777 பக்கம்தான். நானும் போட்டிருக்கிறேன். பிழை போய்விடும், தளமும் ஓடும். படிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டினால் 7. உரிமையாளர், குழு, மற்றவர்கள் என்று மூன்று தரப்புக்கும் அந்த 7-ஐ அள்ளிக் கொடுத்துவிடுகிறோம். அந்த "மற்றவர்கள்" கணக்கில், அதே சர்வரில் ஓட்டையோடு ஓடும் வேறொரு தளமும் வரும்.

உண்மையில் சிக்கல் பெரும்பாலும் உரிமையாளர் பெயரில்தான் இருக்கும். ஃபைல், முழு அதிகாரமுள்ள நிர்வாகக் கணக்கான ரூட் பெயரில் கிடக்கும், வெப் சர்வர் வேறு பயனராக ஓடும். எழுத வேண்டிய அந்த ஒரு ஃபோல்டரை மட்டும், உரிமையாளரை மாற்றும் சிஎச்ஓன் கட்டளை போட்டு வெப் சர்வரின் பயனர் பெயருக்கு மாற்றினால் போதும்.

சரி, ஃபைலுக்கு 700 போட்டு ரூட் பெயரில் வைத்தாயிற்று. பத்திரமா? அது இருக்கும் ஃபோல்டரையும் பாருங்கள். ஃபோல்டர் என்பது ஒரு பெயர்ப் பட்டியல். ஃபைலை அழிப்பது என்றால் பட்டியலில் ஒரு பெயரை அடிப்பது, அவ்வளவுதான். ஃபோல்டர் 777 என்றால், ஃபைலைத் திறந்துகூடப் பார்க்க முடியாதவர் அதை அழித்துவிட்டு, அதே பெயரில் தன் ஸ்கிரிப்டை வைத்துவிடலாம். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரான், தினமும் இரவில் அதை ரூட்டாக ஓட்டுகிறது என்றால், மறுநாள் காலையில் சர்வர் அவருடையது. டெம்ப் ஃபோல்டரில் 1777 என்று இருப்பது இதற்காகத்தான். முன்னால் நிற்கும் அந்த 1, அடுத்தவர் ஃபைலை அழிக்கவோ பெயர் மாற்றவோ விடாது.

குறிப்பிட்ட கட்டளையை ரூட்டாக ஓட்ட ஒருவருக்கு அனுமதி கொடுக்கும் சூடோவிலும் இதே அலட்சியம் உண்டு. "விம் மட்டும்தானே கொடுத்தேன்" என்பார்கள். விம் என்பது ஃபைலைத் திருத்தும் எடிட்டர். அதற்குள் முக்காற்புள்ளி, ஆச்சரியக்குறி தட்டி ஒரு கட்டளை கொடுத்தால் அது ரூட்டாகவே ஓடும். ஒரு ஃபைலைத் திருத்தத்தான் அனுமதி என்றால், எடிட்டரை ரூட்டாக ஓட்டாமலே திருத்த விடும் சூடோஎடிட் கொடுங்கள். மென்பொருளைக் கன்டெய்னர்களில் ஓட்டும் டாக்கரின் குழுவில் ஒருவரைச் சேர்ப்பதும் கிட்டத்தட்ட ரூட் கொடுப்பதுதான்.

விண்டோஸ்காரர்கள் சிரிக்க வேண்டாம். 2021 ஜூலையில், விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்தே பாஸ்வேர்டு ஹாஷ்கள் (பாஸ்வேர்டுகளின் உருமாற்றிய வடிவம்) இருக்கும் சாம் ஃபைலைச் சாதாரணப் பயனரும் படிக்கலாம் என்று தெரியவந்தது. விண்டோஸ் ஓடும்போது அந்த ஃபைல் பூட்டியிருக்கும். ஆனால் விண்டோஸ் எடுத்து வைக்கும் டிஸ்க் நகலான ஷேடோ காப்பியில் இருந்த பிரதிக்கு ஏது பூட்டு? திருத்தத்தை நிறுவியது மட்டும் போதவில்லை, பழைய ஷேடோ காப்பிகளையும் அழிக்க வேண்டியிருந்தது.

நகல் என்றதும் டேட்டாபேஸ் டம்ப், அதாவது டேட்டாபேஸை அப்படியே ஒரு ஃபைலாக எடுத்து வைப்பது, நினைவுக்கு வருகிறது. புது ஃபைலுக்கு எந்த அனுமதிகளைக் கொடுக்கக் கூடாது என்று சொல்லும் யூமாஸ்க் 022 என்றால், ரூட் எடுக்கும் டம்பும் 644-ஆகத்தான் விழும், அதாவது எல்லோரும் படிக்கலாம். ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே யூமாஸ்க் 077 என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஏற்கெனவே எடுத்து வைத்த டம்புகள் அதனால் மாறாது, அவற்றுக்குத் தனியாக 600 போட வேண்டும்.