500 யூனிட்டுக்குள் ஒரு வீடு

மின்கட்டணத்தைக் குறைக்க நினைப்பவர் விளக்கையும் விசிறியையும் அணைக்கக் கிளம்புமுன் கட்டணப் படிநிலையைப் புரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த வீட்டுக் கட்டணத்தில், இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த குறைந்த விலையும் கைநழுவிப் போகிறது. அந்த விகிதப்படி 500 யூனிட்டுக்கு 1725 ரூபாய், 510 யூனிட்டுக்கு 2030 ரூபாய், 600 யூனிட்டுக்கு 2750 ரூபாய் ஆனது. 500-ஐத் தாண்டிய முதல் பத்து யூனிட்டுக்கு மட்டும் 305 ரூபாய் போனது என்பதைக் கவனிக்க வேண்டும். விகிதங்கள் அவ்வப்போது திருத்தப்படுவதால், இதே கணக்கை இப்போதைய விகிதத்தில் ஒருமுறை போட்டு, தங்கள் வீடு எந்தப் படியின் விளிம்பில் நிற்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்த வேலை அளப்பது. மீட்டரில் சிவப்பாக மினுக்கும் சிறு விளக்கின் அருகே ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று அச்சிட்டிருக்கும். அது 3200 என்றால், நிமிடத்துக்கு 32 முறை மினுக்கும்போது வீடு 600 வாட் இழுக்கிறது. இரவில் ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டர் முன் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். அப்போதும் விளக்கு மினுக்கினால், செட்டாப் பாக்ஸ் போன்ற ஏதோவொன்று பிளக்கில் விழித்திருக்கிறது, அல்லது ஒயரிங்கில் கசிவு இருக்கிறது. இரவும் பகலும் பத்து வாட் இழுக்கும் பொருள் 60 நாளில் 14 யூனிட்டைத் தின்றுவிடும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சொந்த போர்வெல் உள்ள வீடுகளில் பெரும் செலவு தண்ணீரை மேலே ஏற்றுவதில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு. 600 அடி ஆழத்திலிருந்து ஆயிரம் லிட்டரைத் தூக்குவதற்கு, இழப்பே இல்லையென்றாலும் அரை யூனிட் வேண்டும். சப்மெர்சிபிள் மோட்டார், பம்ப், குழாய் ஆகியவற்றின் இழப்பையும் சேர்த்தால் ஒன்றரை யூனிட் ஆவது இயல்பு. எனவே காலியான டேங்க் நிரம்ப எத்தனை நிமிடம், எத்தனை யூனிட் ஆகிறது என்று மீட்டரைப் பார்த்து, ஸ்டார்ட்டர் பெட்டியின் மூடியில் பென்சிலால் எழுதி வையுங்கள். எங்கள் வீட்டு மூடியில் முதலில் 40 நிமிடம் என்றும், அடுத்த ஆண்டு அதன் கீழே 65 நிமிடம் என்றும் எழுதியிருந்தது. நீர்மட்டம் இறங்கிவிட்டது என்றே நாங்கள் எல்லோரும் நம்பினோம். குழாயை வெளியே இழுத்துப் பார்த்தபோதுதான் ஓர் இணைப்பு விரிந்து, ஏறிய தண்ணீரில் ஒரு பங்கு போருக்குள்ளேயே கொட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. மோட்டாரைப் போட்டதும் தண்ணீர் மேலே வர வழக்கத்தைவிட நெடுநேரம் ஆனால், தண்ணீரைத் திரும்பவிடாத நான்-ரிட்டர்ன் வால்வு பழுதாகி, குழாயில் நின்ற தண்ணீர் ஒவ்வொரு முறையும் கீழே இறங்கிவிடுகிறதா என்றும் பார்க்கச் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு நாளைக்கு நான்கு முறை ஐந்தைந்து நிமிடம் போடுவதைவிட ஒரே தடவையில் நிரப்புவது மேல். டேங்க் வழிவதைத் தடுக்கும் தானியங்கிக் கருவியைப் பொருத்துவதும் வீண்போகாது. மோட்டாரைப் போட்டுவிட்டுக் களி கிண்ட உட்கார்ந்து, மாடியிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டு ஓடிய அனுபவம் எனக்கு ஒருமுறை அல்ல.

தண்ணீரைச் சூடாக்குவது அடுத்த செலவு. மார்கழியில் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் குளிருக்கு வெந்நீர் இல்லாமல் முடியாது. 2000 வாட் ஹீட்டர் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 25 லிட்டர் தண்ணீரின் வெப்பத்தை 25 டிகிரி உயர்த்தவே முக்கால் யூனிட்டுக்கு அருகில் ஆகிறது. ஆகவே வெப்பநிலையை 50 டிகிரி அளவில் வைத்து, குளிக்கப்போகும் நேரத்தில் மட்டும் போட்டு, வீட்டில் உள்ளவர்கள் அடுத்தடுத்துக் குளித்து முடிப்பதே சரியான முறை. நம் பக்கத்து உப்புத் தண்ணீரில் காயிலின் மேல் முட்டை ஓடு போல வெள்ளைப் படலம் ஏறிவிடும். அதனால் பில் ஏறுவதைவிடக் காயில் சீக்கிரம் எரிந்துபோவதுதான் பெரிய நட்டம், எனவே ஆண்டுக்கொருமுறை கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். தோப்பில் மா கவாத்து செய்த சுள்ளி கிடைக்கும் வீட்டுக்கு வெந்நீர் அடுப்பை மிஞ்சிய சிக்கனம் எதுவுமில்லை.

விசிறியை மாற்றுவது, பணம் போட்டுச் செய்யும் வேலைகளில் நான் முதலில் சொல்வது. பழைய விசிறி 75 வாட் இழுக்கிறது. பிஎல்டிசி (BLDC) என்னும் புதுவகை மோட்டார் கொண்ட விசிறி 30 வாட் அளவில் நிற்கும். நாளுக்கு 14 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 63 யூனிட் ஆவது 25 ஆகக் குறைகிறது, மூன்று விசிறிக்கு 113 யூனிட் மிச்சம். மேலே சொன்ன 600 யூனிட் வீட்டை இது ஒன்றே 500-க்குக் கீழே இறக்கிவிடும். மொத்தமாக மாற்ற முடியாதவர் நீண்ட நேரம் ஓடும் கூடத்து விசிறியிலிருந்து தொடங்கலாம்.

ஃபிரிட்ஜ் வாங்கும்போது நட்சத்திரத்தை மட்டும் எண்ணாமல், அந்த ஒட்டுத்தாளில் உள்ள ஆண்டு யூனிட்டை ஆறால் வகுத்தால் ஒரு பில்லில் அதன் பங்கு தெரிந்துவிடும். கதவு ரப்பரில் ஒரு தாளைச் செருகி மூடி இழுங்கள். தடையின்றி வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது. ஏசியை 24 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள். சித்திரை வருமுன் மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டால் இரவில் அறையின் புழுக்கம் கணிசமாகத் தணியும்.

இவை முடிந்தபின், கணக்கெடுத்த அன்றைய ரீடிங்கை நாட்காட்டியில் குறித்து, 30-ஆம் நாளும் 45-ஆம் நாளும் மீண்டும் பார்க்க வேண்டும். 30-ஆம் நாளில் 250-ஐயும், 45-ஆம் நாளில் 375-ஐயும் தாண்டியிருந்தால், மீதி நாட்களுக்கு ஹீட்டரையும் இஸ்திரிப் பெட்டியையும் சற்று ஒதுக்கி வையுங்கள்.