கிராமசபையில் இரண்டு நிமிடம்: ஒரே சொல்லைத் திரும்பச் சொல்லிப் பேசுவது எப்படி?

அக்டோபர் 2 அன்று கிராமசபை. ஊர்க் குட்டைக்குத் தண்ணீர் வரவில்லை, அதைப் பற்றி நீங்கள் மைக்கில் பேச வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பவானி ஆற்றின் உபரி நீரைக் குளம் குட்டைகளுக்குக் கொண்டுவரும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17-இல் தொடங்கியது. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகள் அதில் உண்டு. விடுபட்டவையும் உண்டு. விடுபட்ட ஊர்க்காரர் பேசித்தான் ஆக வேண்டும். அந்தப் பேச்சையே எடுத்துக்காட்டாக வைத்துப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. முதலில் வெறும் செய்தியாக எழுதுங்கள்

"வாய்க்கால் தூர்ந்துவிட்டதால் குட்டைக்குத் தண்ணீர் வருவதில்லை. போர்வெல்களும் வற்றிவிட்டன. வாய்க்காலைத் தூர்வார வேண்டும்." இதில் அழகு எதுவும் வேண்டாம். சொல்ல வந்த செய்தி முழுதாக இருந்தால் போதும்.

2. திரும்ப வர வேண்டிய சொல்லைத் தேர்ந்தெடுங்கள்

'மிகவும்', 'அவலம்', 'கொடுமை' போன்றவற்றைத் தொடாதீர்கள். இரண்டாம் முறை வரும்போதே அவை நீர்த்துப் போகும். ஊரில் எல்லாரும் தினமும் சொல்கிற சாதாரணச் சொல்தான் தாங்கும். இங்கே 'இருக்கிறது', 'தண்ணீர்' இரண்டும் போதும்.

3. மூன்று முறை சொல்லி, நான்காவதில் மாற்றுங்கள்

இந்தப் படிதான் முக்கியம். மெதுவாகப் படியுங்கள்.

"வாய்க்கால் இருக்கிறது, தண்ணீர் வரவில்லை. குட்டை இருக்கிறது, தண்ணீர் நிற்கவில்லை. போர் இருக்கிறது, தண்ணீர் ஏறவில்லை. மழை மட்டும் பெய்துகொண்டேதான் இருக்கிறது."

முதல் மூன்று வரிகள் காதைப் பழக்குகின்றன. நான்காவது அந்தப் பழக்கத்தை உடைக்கிறது. கேட்பவர் மனதில் தங்குவது அந்த உடைந்த வரிதான். கோயில் ஏலத்தில் கேட்டிருப்பீர்கள்: "ஒரு தரம், ரெண்டு தரம்..." என்றதும் கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். 'தரம்' மாறுவதில்லை, எண் மட்டும் ஏறுகிறது. ஒன்று நிலையாக நிற்க, இன்னொன்று நகர வேண்டும். இரண்டும் அப்படியே நின்றால் அது வெறும் புலம்பல்.

குறள் 411-ஐப் பாருங்கள்.

செல்வத்துள் செல்வம் செவிச்செல்வம் அச்செல்வம்
செல்வத்துள் எல்லாம் தலை.

ஏழு சீர்களில் ஐந்தில் 'செல்வம்' வருகிறது. ஒரே சொல் ஒரே பொருளில் திரும்ப வருவதால் இதைச் சொற்பொருள் பின்வருநிலையணி என்பார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது கடைசிச் சீர்தான். ஐந்து செல்வமும் சேர்ந்து 'தலை' என்ற புதிய சொல்லுக்கு வழிவிட்டு நிற்கின்றன.

எத்தனை முறை அடுக்கலாம்? ஒரு சொல்லை அடுத்தடுத்து அடுக்குவதற்கு நான்கை எல்லையாக வைக்கிறது நன்னூல். அதை எழுதிய பவணந்தியார் பெருந்துறைப் பக்கம் சீனாபுரத்துக்காரர் என்று நம் கொங்குப் பகுதியில் சொல்வதுண்டு. வாக்கியங்களை அடுக்கும்போதும் அந்த எல்லைக்குள் நிற்பது நல்லது.

4. சொல்லை எங்கே வைப்பது?

யார் செய்தார்கள் என்பதை அழுத்த வேண்டுமானால் கடைசியில் வையுங்கள்: "வாய்க்கால் வெட்டியது நாங்கள். கரை போட்டது நாங்கள். வரி கட்டுவதும் நாங்கள்."

ஒன்றால் இன்னொன்று நடப்பதைக் காட்ட அந்தாதிபோலக் கோத்துவிடலாம்: "வாய்க்கால் ஓடினால் குட்டை நிறையும். குட்டை நிறைந்தால் கிணறு ஊறும். கிணறு ஊறினால் தென்னை பிழைக்கும்." காரணம் உண்மையாக இருந்தால் மட்டும் இப்படிக் கோத்துவிடுங்கள். ஒரு கண்ணி பொய்யானாலும், தோட்டம் வைத்திருக்கிறவர் எழுந்து கேட்டுவிடுவார்.

ஒரு பேச்சுக்கு இதில் ஏதாவது ஒரு வகை போதும்.

5. தானாக வந்து விழுந்தவற்றை நீக்குங்கள்

எழுதியதை உரக்கப் படித்து, நீங்கள் நினைக்காமலே திரும்ப வந்த சொற்களைக் கோடிடுங்கள். 'ஆகவே', 'மேலும்', 'வந்து' எல்லாம் அப்படித்தான் நுழையும். அவை போனால்தான் நீங்கள் வேண்டுமென்றே வைத்த சொல் காதில் விழும்.

நமக்கு இன்னொன்றும் உண்டு. "வந்தேனுங்க, பார்த்தேனுங்க, சொன்னேனுங்க" என்று ஒவ்வொரு வரியும் 'ங்க' என்று முடியும். அது நம் மரியாதை, விட வேண்டாம். ஆனால் அடுக்கு வருகிற அந்த நான்கு வரிகளில் மட்டும் அதைத் தள்ளி வையுங்கள். வணக்கத்திலும் கோரிக்கையிலும் தாராளமாக வரட்டும்.

6. சொல்லிப் பழகுங்கள்

மூன்றாவது வரிக்குப் பிறகு ஒரு மூச்சு நிறுத்துங்கள். நான்காவதைக் குரல் தாழ்த்திச் சொல்லுங்கள். கத்தினால் ஒலிபெருக்கியில் சொல் சிதறும்.

அப்புறம் கோரிக்கை. "கிழக்கு வாய்க்காலைத் தூர்வாரித் தர வேண்டும்" என்பதைப் பேச்சின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு எழுத்தும் மாறாமல் சொல்லுங்கள். கையில் கொடுக்கும் மனுவிலும் அதே வரி இருக்கட்டும். மனுவில் அடுக்கு வேண்டாம், புல எண்ணும் வாய்க்காலின் நீளமும் போதும். தீர்மானம் எழுதும்போது அந்த வரி அப்படியே பதிவாகியிருக்கிறதா என்று படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.