போத்தலில் ஒரு டேப், எண்ணெய் அளவு சரி

கழிவுநீரில் எண்ணெய், கிரீஸ் அளவு பார்க்க, அவற்றைப் பிரித்தெடுக்கும் தானியங்கிக் கருவியில் மாதிரிப் போத்தலை மாட்டுவதற்கு முன், நீர்மட்டத்தில் வெளிப்பக்கம் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். மாதிரியை அளவு உருளையில் ஊற்றவே வேண்டாம். பிரித்தெடுப்பு முடிந்ததும் காலிப் போத்தலில் டேப் வரை குழாய்த் தண்ணீர் நிரப்பி, அதை அளந்தால் மாதிரியின் கொள்ளளவு கிடைத்துவிடும்.

எண்ணெய் கண்ணாடியில் ஒட்டும். எண்ணெயைக் கரைக்கும் ஹெக்சேன் திரவத்தால் கருவி கழுவுவது போத்தலின் உட்புறத்தை மட்டும்தான். உருளையில் ஒட்டியது போனது போனதுதான், முடிவு குறைவாக வரும். மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கத்துச் செம்பனை ஆலைகளுக்கு வெளியேற்ற வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். அங்கே குறைத்துக் காட்டும் எண் ஆற்றுக்குத்தான் கேடு. மார்க்கர் வேண்டாம், ஹெக்சேன் பட்டால் கோடு கரையலாம்.

ஆலையின் சுத்திகரிப்புக் குளங்களில் கடைசிக் குளத்து நீருக்கு இது சரி. ஆலையிலிருந்து நேரே வரும் கழிவுக்கு ஒத்துவராது: அதில் எண்ணெயே லிட்டருக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம், கசடு வேறு கருவியில் மாதிரி வடியும் தட்டை அடைத்துவிடும். அதற்கு முதலிலேயே சின்னப் போத்தலில் மாதிரி எடுங்கள். பெரிய போத்தலிலிருந்து கொஞ்சம் பிரித்து ஊற்றிக்கொள்ளாதீர்கள்.