நெடுஞ்சாலைக்கு ஊர் நிலம் கேட்கப்பட்டால் செய்ய வேண்டியவை

தேசிய நெடுஞ்சாலைக்காக ஊர் நிலம் எடுக்கப்படப்போகிறது என்று தெரிந்ததும், மறியலுக்குக் கிளம்புமுன் அரசிதழ் அறிவிப்பு வெளியான தேதியைக் கண்டறியுங்கள். 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி, நிலமெடுக்கும் எண்ணத்தை அரசு தெரிவிக்கும் இந்த அறிவிப்பு (3ஏ பிரிவு அறிவிப்பு) வெளியானதிலிருந்து 21 நாட்களுக்குள் நில உரிமையாளர் எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். அறிவிப்பின் சாரம் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் வெளிவர வேண்டும் என்பதால், அந்தப் பக்கங்களையும் எடுத்து வையுங்கள்.

ஒரே மனுவை நகலெடுத்து ஊரெல்லாம் கையெழுத்து வாங்குவது எளிதுதான். ஆனால் அதிகாரி ஒரே வரியில் தள்ளுபடி செய்வதற்கும் அதுவே எளிது. ஒவ்வொருவரும் தம் புல எண், பட்டா, அடங்கல், கிணறு, மரங்களின் எண்ணிக்கை, சாலை குறுக்கிட்டால் வாய்க்கால் நீர் எந்த வயலுக்குப் போகாது என்பது வரை குறிப்பிட்டுத் தனித்தனியே எழுதி, ஒப்புகைச் சீட்டுப் பெற வேண்டும். நேரிலோ வழக்கறிஞர் மூலமோ தம் தரப்பைச் சொல்லவும் சட்டம் இடமளிக்கிறது.

கிராம சபைத் தீர்மானம் மட்டுமே சாலையை நிறுத்திவிடாது. எனினும் ஊரின் எதிர்ப்புக்கு அது அரசுப் பதிவேட்டிலேயே இருக்கும் சான்று.

சுற்றுச்சூழல் வாதத்தை மட்டும் நம்பியிருப்பவர்கள் சென்னை–சேலம் எட்டு வழிச்சாலை வழக்கைக் கவனிக்க வேண்டும். நிலமெடுப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் ரத்து செய்தது. ஆனால் 3ஏ அறிவிப்புக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் கூறியது. ஆகவே, அந்த வாதத்தைச் சுற்றுச்சூழல் அனுமதிக்காக நடக்கும் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எழுத்தாகவே கொடுத்து, கூட்டக் குறிப்பில் பதியச் செய்யுங்கள்.